அப்பா பிரித்த பொட்டலம்

முருகன் ஒரு பூவின் நிறத்தை மாற்றியதை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு அப்போது ஏழு வயது. பூ அப்பாவின் சட்டைப் பையில் இருந்தது.

அக்கா பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கோடை அது. சென்னையில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஒரு லட்சம் முன்பணம் கட்டினால்தான் அந்த இடம் நிற்கும். கட்டிய பணம் திரும்பி வராது. அக்காவுக்கோ டெல்லியிலேயே இயற்பியல் படிக்க ஆசை. முதல் பட்டியலில் அரை சதவீதத்தில் தவறிவிட்டாள். இரண்டாவது பட்டியல் திங்கட்கிழமைதான் வரும்.

"இதையும் விட்டுட்டா பிள்ள வீட்லதான் உக்காரணும்" என்பாள் அம்மா. அக்கா முதலில் பதில் சொல்வதை நிறுத்தினாள், பிறகு சாப்பிடுவதையும். அப்பா மத்திய அரசு குமாஸ்தா. எந்தக் கோப்பையும் தன் மட்டத்தில் முடிக்காமல் மேலே அனுப்பிப் பழகியவர். இதையும் மேலே அனுப்பினார்.

அதாவது, மலை மந்திர் முருகன் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவானது. எங்கள் ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ் வேலியில் பறித்த வெள்ளை நந்தியாவட்டை ஒரு பொட்டலத்தில், சிவப்பு அரளி இன்னொன்றில். வெள்ளை வந்தால் இன்றே பணம் கட்டுவது, சிவப்பு வந்தால் திங்கள் வரை பொறுப்பது. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம் என்பதால் ஒன்பது மணிக்கே படியேறினோம். எடுக்கப்போவது நான். சின்னப் பிள்ளையின் கைதான் சாமியின் கை என்று அம்மா சொல்லியிருந்தாள். அதனால் வழியெல்லாம் மூக்கைக்கூட இடது கையால்தான் சொறிந்துகொண்டேன்.

"கண்ண மூடிட்டு ஒண்ணு எடுத்து அப்பாட்ட குடும்மா, ஜல்தி" என்றார் அப்பா.

எடுத்தேன். உடம்பெல்லாம் புல்லரித்தது. அவர் வாங்கி, திரும்பி நின்று பிரித்தார். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். அவள் கண்ணைத் திறக்காமல் கைகூப்பி நின்றிருந்தாள். அப்பா பொட்டலத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"சிவப்பு. திங்கக்கிழம வரைக்கும் பாப்போம்."

மற்ற பொட்டலத்தைத் தானே எடுத்துப் போய்ப் பழம்பூக் கூடையில் போட்டார். முருகனே சொன்னபின் அம்மா என்ன வாதாடுவாள்? "அச்சா" என்றாள், அவ்வளவுதான்.

சாயங்காலம், துவைக்கப் போட்ட சட்டையில் சில்லறை தேடினேன். பொட்டலம் அகப்பட்டது. உள்ளே வெள்ளை நந்தியாவட்டை! சிவப்பாக வந்து சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வெள்ளையாகிவிட்டிருந்தது. ஓடிப்போய் அப்பாவிடம் காட்டினேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"சாமி விஷயம். யார்ட்டயும் சொல்லக் கூடாது. அம்மாட்டயும்."

முருகனும் அப்பாவும் நானும் மட்டும் அறிந்த ரகசியம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. தினமும் விளக்கேற்றும் அப்பா அடுத்த மூன்று நாளும் அம்மாவை ஏற்றச் சொன்னார். அற்புதத்தை நேரில் பார்த்தவருக்குச் சாமி முன்னால் கூச்சமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

திங்களன்று கட்-ஆஃப் சரியாக அரை சதவீதம் இறங்கியது. அக்காவுக்கு இடம் கிடைத்தது. சாயங்காலமே எல்லோரும் மறுபடி மலையேறினோம். அக்கா அழுதாள், அம்மா சிரித்தாள். அப்பா மட்டும் சன்னிதி முன் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டே இருந்தார். சத்தம் கேட்டுப் பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "போதும், விடுங்க" என்றாள் அம்மா. அவர் விடவில்லை.

நன்றி சொல்ல இவ்வளவு பலமாகவா அடித்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. ஆனாலும் அப்பா செய்கிறாரே என்று, நானும் பக்கத்தில் நின்று என் கன்னத்தில் பலமாகப் போட்டுக்கொண்டேன்.