டேங்க் மாமாவின் கூவல்

செவ்வாய்க்கிழமை காலை அக்கா ஊரிலிருந்து அழைத்தாள். "டேங்க் மாமா போயிட்டாருடா." உடனே ஊருக்குப் பஸ் ஏறினேன்.

குன்னம் பக்கத்தில் எங்கள் ஊர். முத்துசாமி மாமா அங்கே பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர். வால்வு திறக்கும் நீண்ட இரும்புச் சாவி எப்போதும் தோளில் இருக்கும். தெருவுக்கு ஒரு முறை. திறந்துவிட்டு, முனையில் நின்று கூவுவார்: "தண்ணி வந்துருச்சு, கொடத்த எடுத்துட்டு வாங்க!" தாமதமாக வருபவர்களிடம், "என்னத்தா, வெத்தல பாக்கு வச்சு அழைக்கணுமா?"

ஒரு பருத்திக் காலம். எனக்கு ஏழு வயது, அக்காவுக்கு ஒன்பது. விலை ஏறட்டும் என்று எல்லோரும் பருத்தியை வீட்டுக்குள்ளேயே குவித்து வைத்திருந்தார்கள். பிள்ளைகளை உள்ளே விட்டு, வெளியே பூட்டிக்கொண்டு காட்டுக்குப் போவார்கள். எங்கள் ஊரில் அதற்குப் பெயர் பாதுகாப்பு.

தீக்குச்சியை உரசியது நான். அம்மாவுக்கே அது இதைப் படிக்கும்போதுதான் தெரியவரும்.

புகை எழுந்ததும், அடிக்குப் பயந்து பின்னறை மூட்டைகளுக்குள் இருவரும் பதுங்கினோம். வெளியே பெண்கள் எங்கள் பெயரைச் சொல்லி அலறினார்கள். பெயர் கேட்கக் கேட்க இன்னும் உள்ளே போனோம்.

பூட்டை அந்த வால்வுச் சாவியால் நெம்பி உடைத்து, ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு மாமா வந்தார். கண் தெரியாத புகை. அவர் பெயர் சொல்லவில்லை. தினமும் கூவுவது போலவே கூவினார்: "தண்ணி வந்துருச்சு, கொடத்த எடுத்துட்டு வாங்க!"

அக்கா எழுந்துவிட்டாள். தினமும் குடம் எடுக்க ஓடும் பழக்கம். நான் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு போனேன். இரண்டு கைகள் எங்களை வாரிக்கொண்டன.

வாசலில் அவர் காதில் சொன்னேன்: "நான்தான் மாமா கொளுத்துனேன்."

"மொதல்ல மூச்ச வுடு."

ஓடிவந்த அம்மாவிடம், "ஒயரு பொசுங்கிப்போச்சு தங்கச்சி. புள்ளைங்கள அடிச்சிப்புடாத" என்றார்.

அவரது இடது கை அதன் பிறகு முழுதாக மடங்கவில்லை. சாவியை வலது தோளுக்கு மாற்றிக்கொண்டார். கல்லூரியில் சேர்ந்த வருடம் அவரிடம் நன்றி சொல்ல வாயெடுத்தேன். "கொடத்த எடுக்காம வந்தீங்களேடா ரெண்டு பேரும்" என்று சிரித்தார். பேச்சு அதோடு முடிந்தது.

செவ்வாய் மாலை, ஊரில் அவர் உடலைக் குளிப்பாட்டத் தண்ணீர் வேண்டியிருந்தது. வால்வைத் திறக்க ஆளில்லை. நான் போனேன். சாவி இவ்வளவு கனமா. திறந்துவிட்டு முனையில் நின்றேன். கூவ வேண்டும்.

அதற்குள் தெருவின் அந்தக் கோடியிலிருந்து அக்கா குடத்தோடு வந்துகொண்டிருந்தாள்.

அவரிடமிருந்து எனக்கென்று வைத்திருப்பது அந்தக் கூவல் மட்டும். என் பெயர் அதில் கிடையாது. ஒரே ஒரு முறை அது மறுபடி கேட்டால், எந்த ஊரில் இருந்தாலும் எழுந்து போவேன். இந்த முறை குடத்தோடு.