பன்றி விரட்ட ஒரு ரேஸ் கார்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ராஜபாளையத்தில் ஒரு ரேஸ் கார் ஓடிக்கொண்டிருந்தது. அது என்னுடையது. அது ரேஸ் கார் என்ற விஷயம் எனக்கும் என் மெக்கானிக்குக்கும் மட்டும்தான் தெரியும். ஊரில் மற்றவர்கள் அதைச் சைலென்சர் ஓட்டையான சின்னக் கார் என்று நினைத்திருந்தார்கள்.

நான் பேண்டேஜ் துணி வியாபாரி. காயத்துக்குக் கட்டுப்போடும் துணியை விற்பவன் வேகமாகக் கார் ஓட்ட ஆசைப்பட்டால் அது தொழிலை வளர்க்கும் முயற்சிதானே என்று நண்பர்கள் கேட்பார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டு வக்கீல் ஒருவரிடமிருந்து அந்தக் காரை வாங்கியபோது அது வக்கீலின் வழக்குகளைப் போலவே வாய்தா வாங்கி வாங்கித்தான் ஓடியது. சைக்கிள்காரர்கள் என்னை முந்திப் போகும்போது திரும்பிப் பார்த்து வணக்கம் வேறு வைப்பார்கள். அந்த வணக்கம்தான் என்னைக் கெடுத்தது.

மெக்கானிக்குக்கு என்னைவிட ஆசை அதிகம். மில்லுக்குச் சாமான் கடையும் லேத்துப் பட்டறையில் கொடுத்து இன்ஜின் ஹெட்டை இழைத்தான். எங்கோ உடைபட்ட பெரிய கார் ஒன்றின் கார்புரேட்டரைக் கொண்டுவந்து பொருத்தினான். ஸ்பிரிங்கை அறுத்து உயரத்தைக் குறைத்தான். கடைசியாகச் சைலென்சரைப் பிளந்து உள்ளே இருந்த தகடுகளையெல்லாம் உருவி எடுத்துவிட்டு, “வயித்துல அடைச்சுக்கிட்டு இருந்ததெல்லாம் எடுத்தாச்சுண்ணே, இனிமே நல்லா மூச்சு விடும்” என்றான்.

மூச்சா அது! முதல் நாள் தெருவில் எடுத்தபோது, பேரன் பிறந்த செய்திக்குக்கூட ஈஸிசேரை விட்டு எழாத எதிர்வீட்டுக்காரர் எழுந்து வாசலுக்கு வந்தார். ஆனால் ஒன்று, வண்டி பறந்தது. சிகப்பு பெயிண்ட் அடித்து, நடுவில் மஞ்சள் கோடும் போட்டுக்கொண்டேன். ஒரே ஒரு குறை. சூடாக இருக்கும்போது இன்ஜினை அணைத்துவிட்டால் மறுபடி கிளம்பாது. அரைமணி நேரம் ஆற வேண்டும், இல்லாவிட்டால் நாலு பேர் தள்ள வேண்டும்.

அந்த நாலு பேரில் ஒருத்தியாக என் மனைவி பட்டுச்சேலையோடு கல்யாண மண்டப வாசலில் நின்று தள்ளிய நாளில் காரின் விதி முடிந்தது.

“ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்” என்றாள்.

நான் செத்த நேரம் யோசித்தேன். அப்படி யோசித்ததைத்தான் அவள் இன்றுவரை மன்னிக்கவில்லை.

பேப்பரில் மூன்று வரி விளம்பரம் கொடுத்தோம். கடை டெலிபோன் ஓயாமல் அடித்தது. உடனே என் மச்சினன் ஆலோசகராக வந்து சேர்ந்தான். என் மனைவியின் தம்பி. மதுரையில் ஒரு புரோக்கரிடம் ஸ்கூட்டரைப் பறிகொடுத்தவன் என்பதால் ஏமாறுவதில் அவனுக்கு நேரடி அனுபவம் இருந்தது.

“அத்தான், ஓட்டிப் பாக்கேன்னு சொல்லுதவனத் தனியா விட்றாதீக. ஆர்.சி. புக்கக் கண்ணுல காட்டுனாப் போதும், கையில குடுக்கக் கூடாது. பணம் முழுசா வராம எந்தத் தாள்லயும் கையெழுத்துப் போடாதீக.”

“வேற?”

“பேரம் பேசாதவன நம்பவே கூடாது. குடுக்கப்போற பணத்துக்குத்தான் பேரம் பேசுவான். குடுக்காம ஓடப் போறவன் எதுக்குப் பேசணும்?”

இது என் மனத்தில் ஆணியாக இறங்கியது. அதற்கேற்றாற்போல் வந்தவர்களும் வந்தார்கள். ஒருவன் கூடவே ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்தான். அந்த மெக்கானிக் பானெட்டைத் திறந்து குனிந்தவன், பிளக் வயர் ஒன்றை நைசாகத் தளர்த்திவிட்டு, ஸ்டார்ட் செய்யச் சொல்லி, வண்டி விக்கியதும் “இன்ஜினே போச்சு, பாதி விலைக்குக் கூட எடுக்க முடியாது” என்று உச்சுக் கொட்டினான். நான் வயரை அழுத்திவிட்டேன். இன்ஜின் உறுமிய உறுமலில் அவன் தலை பானெட்டில் இடித்தது. அன்று முழுக்க என்னைப்போல் சாமர்த்தியசாலி எங்கள் மாவட்டத்திலேயே இல்லை என்று நடமாடினேன்.

மறுநாள் வத்திராயிருப்பிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கக்கத்தில் ரெக்ஸின் பை. மலையடிவாரத்தில் தென்னையும் மாவும் இருப்பதாகச் சொன்னார். மைலேஜ் கேட்கவில்லை. டயரை உதைத்துப் பார்க்கவில்லை. “சத்தம் எம்புட்டுப் போடும்?” என்று மட்டும் கேட்டார்.

ஆக்சிலேட்டரை மிதித்துக் காட்டினேன். கடைப் பையன்கள் காதைப் பொத்தினார்கள். பெரியவர் முகம் மலர்ந்தது.

“பன்னிக்கு இதான் சரி.”

“எந்தப் பன்னிக்கு?”

“காட்டுப்பன்னிதான். மலைய விட்டு எறங்கித் தோப்பத் தோண்டிப் போடுது. வெடி போட்டுப் பாத்தாச்சு, தகரம் தட்டிப் பாத்தாச்சு. ரெண்டு நாளுதான் பயப்படுது, பொறவு பழகிருது. இது வேற மாதிரியில்ல கத்துது! தோப்புக்குள்ள ஒரு ரவுண்டு அடிச்சாப் போதும். பகல்ல மக வீட்டுக்கும் போய் வந்துக்கிடலாம்.”

நான் சொன்ன விலைக்குத் தலையாட்டினார். பேரமே இல்லை. அட்வான்ஸை எடுத்து என் கையில் வைத்தார். மீதியை ஓட்டிப் பார்த்த பிறகு தருகிறேன் என்றார். பன்றி விரட்டக் கார் வாங்குகிற ஆள், பேரம் பேசாத ஆள். மச்சினன் அன்று பார்த்து ஊரில் இல்லை. ஆனாலும் பெரியவர் “தம்பி, தம்பி” என்று பேசிய மரியாதையில் மயங்கி, ஆர்.சி. புக்கையும் பெயர் மாற்றும் படிவங்களையும் எடுத்துக்கொண்டேன். நேரம் மிச்சமாகட்டும் என்று படிவங்களில் கையெழுத்தையும் போட்டு, எல்லாவற்றையும் டேஷ்போர்டில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். கூடவே போகிறேனே, தனியாக விடவில்லையே என்று எனக்கு நானே சமாதானம்.

பெரியவர்தான் ஓட்டினார். ஸ்ரீவில்லிபுத்தூர் வரை போய்த் திரும்புவதாகப் பேச்சு. நன்றாகவே ஓட்டினார். கீழ ரத வீதியில் தேரடிப் பக்கம் வந்ததும் எனக்குப் புத்தி கெட்டது. இவ்வளவு தூரம் வந்துவிட்டு பால்கோவா வாங்காமல் போவதா?

“செத்த நேரம் நில்லுங்கய்யா, வாங்கிட்டு ஓடி வாரேன். இன்ஜின மட்டும் அணச்சிராதீங்க. சூட்டுல அணச்சா மறுபடி எடுக்காது” என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

கடையில் கூட்டம். பொட்டலத்தோடு வெளியே வந்தால் கார் நின்ற இடத்தில் ஒரு மாடு நின்றுகொண்டிருந்தது.

கார், ஆர்.சி. புக், கையெழுத்துப் போட்ட படிவம், எல்லாம் அவரிடம். என்னிடம் அரைக்கிலோ பால்கோவா. கடைக்காரரிடம் ஓடினேன்.

“அண்ணாச்சி, இங்க நின்ன கார் எங்க?”

“செகப்பா, காட்டுக் கத்தலாக் கத்திக்கிட்டு நின்னுச்சே, அதா? இப்பத்தான போச்சு.”

அப்போது தெற்கே எங்கிருந்தோ அந்தச் சத்தம் கேட்டது. என் சைலென்சர்! பெற்ற பிள்ளை அழுகிற சத்தம் தாய்க்குத் தெரியாதா? தெற்கு ரத வீதிக்கு ஓடினேன். அதற்குள் சத்தம் மேற்கே போய்விட்டது. ஓர் ஆட்டோவை மறித்து ஏறினேன்.

“அந்தச் சத்தத்தப் பிடி!”

ஆட்டோக்காரர் நிதானமாகத் திரும்பினார். “சத்தத்த எப்படிண்ணே பிடிக்க?”

“கார்யா! என் காரு! பன்னி விரட்ட வாங்குதேன்னு சொல்லிக் களவாண்டுட்டுப் போறான்!”

“பன்னி விரட்டவா?” என்று கேட்டு, வண்டியை எடுக்காமல் சிரித்தார். “அப்படிச் சொன்னதையுமா நம்புனீக?”

ஒருவழியாகக் கிளம்பினோம். தெற்கு ரத வீதி முடிந்து மேல ரத வீதிக்குத் திரும்பினால் சத்தம் வடக்கு ரத வீதியில். வடக்கே போனால் கீழ ரத வீதியில். எங்கும் கூட்டம், பூக்கடை, தள்ளுவண்டி. அதுவும் ஆமை வேகம், நாங்களும் ஆமை வேகம். ஒரு சுற்று வந்து, மறுபடி பால்கோவாக் கடை வாசலிலேயே இருந்தோம். மாடு அதே இடத்தில் நின்றது. சத்தம் மறுபடி தெற்கே போனது.

எனக்கு அப்போதுதான் மூளை வேலை செய்தது. “அவன் கோயிலச் சுத்துதான்யா! நீ இப்படியே திருப்பி வடக்குப் பக்கமாப் போ. எதுக்க வந்து மாட்டுவான்.”

ஆட்டோக்காரர் பிரேக்கை மிதித்தார். “இடமாச் சுத்தச் சொல்லுதீகளா?”

“ஆமா!”

“அதுக்கு வேற ஆளப் பாருங்கண்ணே. கோயில எவனாவது இடமாச் சுத்துவானா?”

“கார் போகுதேய்யா!”

“களவாணியே வலமாத்தான போறான்! அவனுக்கு இருக்க பக்தி உங்களுக்கு இல்லையே?”

மேற்கொண்டு ஒரு சுற்று வலமாகவே துரத்தினோம். நானும் சன்னிதி வரும்போதெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டேன். “தாயே, காரை மட்டும் காட்டிக் கொடு, சைலென்சரைப் பழையபடி மாற்றிவிடுகிறேன்” என்று வேண்டுதல் வேறு. மனைவிக்குச் செய்யாத சத்தியம்.

மேல ரத வீதி முனையில் எனக்கு மூச்சு முட்டியது. துரத்துவது ஆட்டோதான் என்றாலும் இளைத்தது நான். இறங்கி ஒரு பெட்டிக்கடையில் கோலி சோடா வாங்கி அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தேன். பாதி சோடா உள்ளே போகவில்லை, பின்னால் தார் ரோடே அதிர்ந்தது. என் கார் வந்து என் பக்கத்தில் நின்றது. நின்றது என்றால், உறுமிக்கொண்டே நின்றது.

பெரியவர் முகம் காரின் நிறத்தில் இருந்தது. வெள்ளைச் சட்டை ஊறிப் போயிருந்தது.

“ஏன்யா, பால்கோவா வாங்கப் போனீரா, பால் கறக்கப் போனீரா?”

என் மூக்கு வழியாகச் சோடா வந்தது.

“பின்னால டவுன் பஸ்காரன் நிக்க விடாம ஆரனப் போட்டு அடிக்கான். ஒரு சுத்து வந்து நிப்பாட்டலாம்னு எடுத்தேன். வந்து பாத்தா உம்மக் காணல. கடைக்காரர்கிட்ட உம்மக் கேட்டா, தெக்காம ஓடிட்டாருங்காரு! அணைக்கக் கூடாதுன்னு வேற சொல்லிட்டுப் போயிட்டீரு. எங்கிட்டுன்னு நிக்க?”

“நீங்கதான் காரோட ஓடிட்டீங்கன்னு...”

“நானா? அட்வான்ஸோட கம்பி நீட்டுனது நீரு! களவாண்ட வண்டியத் தலையில கட்டிட்டுப் போயிட்டான், இத நிப்பாட்டுனாப் போலீஸ் பிடிக்கும், நிப்பாட்டாட்டிப் பெட்ரோல் தீரும்னு எனக்கு ஈரக்குலையே ஆடிப்போச்சு!”

ஆட்டோக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்ப ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் தொரத்திருக்கீக. யாராவது ஒருத்தர் முன்னமே நின்னிருந்தா முடிஞ்சிருக்கும்.”

வியாபாரம் கெட்டது என்று நினைத்தேன். அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்கப் பையில் கை விட்டேன். பெரியவர் கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“அத உள்ள வையும். மூணு சுத்து அவள வலம் வந்துட்டேன் இந்த வண்டில. இனிமே வேண்டாம்னா அவ சும்மா இருப்பாளா?”

காரை அணைக்க எங்கள் இருவருக்குமே தைரியம் இல்லை. அதனால் வியாபாரம் ஓடுகிற இன்ஜினோடு பெட்டிக்கடைப் பலகையில் நடந்தது. ஒருவர் பேசுவது ஒருவர் காதில் விழாததால் எந்தச் சச்சரவும் வரவில்லை. பணம் கைமாறியது. கடைக்காரர் சாட்சி. ஆட்டோக்காரர் இன்னொரு சாட்சி, அதற்குத் தனி வாடகை. பெரியவர் ஏறி உட்கார்ந்து, “வீட்டுல போயி அணைச்சுக்கிடுதேன்!” என்று கத்திவிட்டு வத்திராயிருப்புப் பக்கம் போனார். வெகு நேரம் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பன்றிகளை நினைத்தால் பாவமாக இருந்தது.

ராஜபாளையம் பஸ்ஸில் சன்னலோர சீட் கிடைத்தது. நிம்மதியாகச் சாய்ந்த பிறகுதான் மச்சினன் சொன்னது ஞாபகம் வந்தது. பேரமே பேசாமல் கொடுத்தாரே, நோட்டெல்லாம் நல்ல நோட்டுதானா? ஒவ்வொன்றாக எடுத்து வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, திருப்பி, முகர்ந்து, சுரண்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு காலடியில் இருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்து, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார்.