குதிரை முதலில் பார்த்தது

இலங்கையின் ஹாலிஎல தேயிலைத் தோட்டத்து முனியாண்டி கோயிலுக்கு மண் குதிரை செய்பவள் காத்தாயி. வயது எழுபதைத் தாண்டியும், குதிரைக்குக் கண் எழுதும்போது அவள் கை நடுங்காது. திறந்த கண் முதலில் கண்ணாடியில் தன் முகத்தைத்தான் பார்க்க வேண்டும்; மனிதரைப் பார்த்துவிட்டால் குதிரை அவர் பின்னாலேயே போய்விடும் என்பது அவள் நம்பிக்கை.

1921இல், திருவிழாவுக்கு முந்தின நாள், ஓடும் படம் எடுக்கும் வெள்ளைக்காரர் ஒருவர் கங்காணியோடு அவள் கொட்டகைக்கு வந்தார். படப்பெட்டியைக் குதிரைக்கு நேர் எதிரே நிறுத்திவிட்டு, முகம் பார்க்கும் கண்ணாடி மறைக்கிறது, எடுக்கச் சொல் என்றார்.

"தொரைய நகரச் சொல்லுங்க கங்காணி. இல்லாட்டி குதிரையும் அவரோட கப்பலேறிடும்."

"நகர மாட்டாராம் ஆத்தா. நம்ம தோட்டத்துப் பெரிய தொரையோட விருந்தாளி."

காத்தாயி குனிந்து பெட்டியை உற்றுப் பார்த்தாள். அதன் முன்னாலிருந்த வட்டக் கண்ணாடிச் சில்லில் குதிரை முகம் குட்டியாகத் தெரிந்தது.

"இதுவே போதும். அவரு மட்டும் பெட்டிக்குப் பின்னால குனிஞ்சுக்கட்டும்."

அவள் இரண்டு கண்ணையும் எழுதி முடித்தாள். துரை கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிப் பூரித்துப்போனார். பிறகு பெட்டியை மடக்கப் போனார். காத்தாயி கையை நீட்டித் தடுத்தாள்.

"கண்ணு தொறந்த பெறகு, அது மொதல்ல பாத்த சாமான் திருவிழா முடியிற மட்டும் முன்னாலயே இருக்கணும்."

"எத்தன நாளுன்னு கேக்குறாரு ஆத்தா."

"மூணு நாளு. கோயில்லயே சோறு போடுவாங்கன்னு சொல்லுங்க."

துரை கோபத்தோடு பெட்டியை எடுக்கத் திரும்பினார். அதற்குள் வேடிக்கை பார்க்க வந்தவர்களில் யாரோ பெட்டிக்கு மாலை போட்டுவிட்டார்கள்.