ஏட்டய்யா கேட்ட முதல் கேள்வி

உத்திரமேரூர் பக்கம் ஒரு ஸ்டேஷனில் எஸ்.ஐ.யாகச் சேர்ந்த முதல் நாளே எனக்கு வயிறு எரிந்தது. ஆடு, பைக், செயின் என்று தினம் ஒரு திருட்டு நடக்கிற ஏரியா. புகார் கொடுக்க வந்த ஒரு அம்மா என் தோளில் இருந்த இரண்டு ஸ்டாரைப் பார்த்துவிட்டு, "ஏட்டய்யா இல்லியா?" என்றார்.

"நான்தாம்மா எஸ்.ஐ. இன்னா விஷயம், சொல்லு."

"பரவால்ல சார், அவுரே வரட்டும்." வெளியே வெயிலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஏட்டு தாமோதரன் ஒன்றும் துப்பறியும் புலி இல்லை. எழுதினால் வரிக்கு இரண்டு பிழை. தொப்பை வேறு. ஆனால் சுற்றுவட்டாரத்துப் பெண்கள் போனில் எல்லாம் அவர் நம்பர் இருந்தது. என் நம்பர் ஸ்டேஷன் போர்டில் மட்டும் இருந்தது.

செய்யாற்றங்கரையில் ஆடுகள் திருடு போனபோது, ஊர் ஓரத்து இருளர் குடியிருப்பிலிருந்து இருவரை விசாரணைக்கு இழுத்து வந்தேன். ஆதாரம் எதுவும் கிடையாது, எங்கள் போலீஸின் கெட்ட பழக்கம் அது. ஏட்டு மன்றாடி அவர்களை விடுவித்தார். மறுநாள் அந்த இருவரில் ஒருவரே, திருடர்கள் வந்த வேனின் நம்பரை ஏட்டிடம் சொன்னார். ஆடுகள் கிடைத்தன. ஊர்க்காரர்கள் மாலையோடு வந்து ஏட்டைத் தேடினார்கள்.

அந்த வாரமே அவரைக் கோர்ட் டியூட்டிக்கு மாற்றினேன். காரணம் பொறாமைதான், வேறெதுவும் இல்லை. ஸ்டேஷனுக்கு வரும் புகார்கள் பாதியாகக் குறைந்தன. "க்ரைம் கொறைஞ்சிடுச்சி சார்" என்று மேலதிகாரியிடம் மார்தட்டினேன். திருட்டு குறையவில்லை, ஜனங்கள்தான் வருவதை நிறுத்தியிருந்தார்கள்.

ஒரு நாள் காலை ஏட்டிடமிருந்து போன். "சார், மார்க்கெட்டாண்ட அம்மா செயினை அறுத்துக்கினு பூட்டானுங்க. நான் ஆஸ்பத்திரில சேத்துட்டேன். சீக்கிரம் வாங்க."

அம்மா என்று அவர் சொன்னது என் மனைவியை.

ஓடினேன். கழுத்தில் கட்டோடு உட்கார்ந்திருந்தாள். "எனக்கு ஏன் போன் பண்ணல?"

"உங்களுக்குப் பண்ணா, 'மார்க்கெட்டுக்கு எதுக்கு நகை போட்டுக்கினு போன'ன்னு கேப்பீங்க. அவுரு 'கழுத்துல காயம் எதுனா பட்டுச்சாம்மா'ன்னு கேட்டாரு."

அடுத்ததாக நான் கேட்க இருந்தது அந்த நகைக் கேள்வியைத்தான்.

மறுநாளே ஏட்டை ஸ்டேஷனுக்குத் திரும்ப அழைத்தேன். புதிதாக வரும் எஸ்.ஐ.களுக்குச் சொல்கிறேன்: முதலில் காயத்தைக் கேளுங்கள், களவைப் பிறகு கேட்கலாம். இதைக் கற்றுக்கொண்டுதான் ஓய்வு பெற்றேன். பொறாமை மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. ஆபத்துக்குக் கூப்பிட என் மனைவி போனில் முதலில் வைத்திருப்பது இன்றைக்கும் அவர் நம்பர்தான்.