மணிக்கட்டில் ஒரு விரல்

என் நாத்தனார் ஒரு நாளில் நடக்கிற தூரத்தை நேராக நீட்டினால் நிலவைத் தொட்டுவிட்டு, வழியில் ஒரு காபியும் குடித்துவிட்டுத் திரும்பலாம். சரி, காபி என் கைச்சரக்கு. நிலவும் கொஞ்சம் கைச்சரக்குதான். ஆனால் அவள் உட்கார்ந்து நான் பார்த்தது மொத்தம் மூன்று தடவை. அதில் ஒன்று அவள் கல்யாணம்.

எல்லோருக்கும் அவள் பம்பரம். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக்கூடத்தில் ஒன்பது வருடமாகத் தற்காலிக வேலை. ஈரப் படுக்கை விரிப்புகளை இயந்திரத்திலிருந்து உருவி, தள்ளுவண்டியில் ஏற்றி, உலர்த்தி எடுத்ததும் இருவர் எதிரெதிரே நின்று மடிக்க வேண்டும். எதிரில் நிற்பவள் மூலையைத் தேடிப் பிடிப்பதற்குள் இவள் மூன்றாவது மடிப்பில் இருப்பாள்.

அந்த வருடம் பன்னிரண்டு பேரை நிரந்தரமாக்கப் போவதாக அறிவித்தார்கள். உடல் தகுதிச் சான்றிதழ் வேண்டும். உயரம், எடை, அதோடு மணிக்கட்டுச் சுற்றளவு. ஒரே உயரமுள்ள இரண்டு பேருக்கு எலும்பு ஒரே பருமனாக இருப்பதில்லை. மெல்லிய எலும்புக்காரிக்கு ஒரு எடை, பருத்த எலும்புக்காரிக்கு வேறு எடை. மணிக்கட்டில் சதை அதிகம் போடாது என்பதால் அங்கே அளக்கிறார்கள். நியாயமான ஏற்பாடுதான். மணிக்கட்டை மட்டும் வீட்டிலேயே அளந்து எழுதி வரச் சொன்னார்கள். அங்கேதான் வினை.

பம்பரத்தின் கணவர் தையல்காரர். பெண்டாட்டி கையைப் பிடித்தார், கழுத்தில் தொங்கிய டேப்பைச் சுற்றினார், "பதினஞ்சு புள்ளி மூணு சென்டிமீட்டர்" என்றார். அவள் எழுதிக்கொண்டு ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கணக்குப் போட்டார். உயரம் நூற்று ஐம்பத்தெட்டு, எடை நாற்பத்தெட்டு. மணிக்கட்டின்படி நடுத்தர எலும்பு. அவர்கள் அட்டவணையில் அதற்கு ஐம்பத்திரண்டுக்குக் கீழே இடமில்லை.

"நாலு கிலோ கம்மிம்மா. ஒரு மாசம் தரேன். ஏறலேன்னா எல்லா டெஸ்ட்டும் எடுத்து, என்ன வியாதின்னு பார்த்துட்டுத்தான் சான்றிதழ். அதுக்குள்ள லிஸ்ட் மூடிடுவாங்க."

அன்றிலிருந்து எங்கள் வீட்டு எடை மெஷினுக்கு நிம்மதி இல்லை. காலையில் வேலைக்குப் போகும்போது ஏறுவாள், வரும்போது ஏறுவாள்.

"அண்ணி! நாப்பத்தெட்டரை!"

"கையில என்னடி?"

"தண்ணி பாட்டில்."

"கீழ வை."

வைத்தாள். நாற்பத்தெட்டு.

முட்டை, வாழைப்பழம், வேர்க்கடலை, பால் என்று எதைக் கொடுத்தாலும் நடந்துகொண்டே தின்றாள். சமையலறையில் ஆரம்பித்த வாழைப்பழம் மாடிப்படியில் முடியும். இரண்டாவது வாரம் அவள் முகமே மாறிவிட்டது. கண்ணாடியில் கழுத்தெலும்பைத் தடவிப் பார்த்தாள். நாடியைப் பிடித்துக்கொண்டு சுவர்க்கடிகாரத்தையே பார்த்தாள்.

"இவ்வளவு தின்னும் ஏறலேன்னா உள்ள ஏதோ இருக்கு அண்ணி. இத்தனை நாள் தெரியாம இருந்திருக்கு."

"உனக்கிருக்கறது உட்கார முடியாத வியாதி. அதுக்கு மருந்து கண்டுபிடிக்கல."

அவள் சிரிக்கவில்லை. நான் சிரித்ததை நினைத்து எனக்கே கூசியது. அன்று மாலை அவள் கணவரிடம் போனேன்.

"தம்பி, அளவு சரியாத்தானே எடுத்தீங்க?"

முப்பது வருடம் தைத்தவரிடம் கேட்கக் கூடாத கேள்வி. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார். "நான் எடுத்த அளவுல ஒரு சட்டையாவது இறுக்குதுன்னு யாராவது சொன்னதுண்டா அக்கா? நீங்களே சொல்லுங்க!"

உண்மை. யாரும் சொன்னதில்லை. நானும் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

மாதம் முடிந்து மறுபரிசோதனைக்கு மூவரும் போனோம். எடை நாற்பத்தெட்டு புள்ளி ஏழு. நர்ஸ் பேனாவைத் திறந்துவிட்டார். தையல்காரர் கெஞ்சினார். சரி, எல்லாவற்றையும் இன்னொரு தடவை அளந்துவிடலாம் என்று நர்ஸ் இழுப்பறையில் தேடினால் டேப்பைக் காணோம்.

"உங்க கழுத்துல இருக்கே, நீங்களே அளங்க."

அவர் சுற்றினார். நர்ஸ் குனிந்து பார்த்தார். "விரலை எடுங்க அண்ணே."

"எந்த விரலை?"

மனிதருக்கு நிஜமாகவே தெரியவில்லை. சட்டையின் கைப்பட்டி கடிக்கக் கூடாது என்று முப்பது வருடமாக டேப்புக்கு அடியில் ஒரு விரலை வைத்தே அளந்தவர். விரலை உருவி இழுத்தால் பதினான்கு! மெல்லிய எலும்பு. அதற்கு நாற்பத்தேழிலிருந்து ஐம்பத்து மூன்று வரை சரியான எடை.

டாக்டர் வந்து அவள் கட்டைவிரலாலும் நடுவிரலாலும் இன்னொரு மணிக்கட்டைச் சுற்றிப் பிடிக்கச் சொன்னார். விரல்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறின. "சின்ன எலும்பும்மா உங்களுக்கு. இந்த எடை சரிதான்" என்று கையெழுத்துப் போட்டார்.

இதை எழுதி மேஜையில் வைத்தேன். நிரந்தர ஊழியை வந்து, நின்றபடியே படித்தாள்.

"நர்ஸ் எங்க அண்ணி சொன்னாங்க? அவங்க மறுபடியும் பதினஞ்சு புள்ளி மூணுன்னே எழுதிட்டாங்க. நான்தான் கையை வெடுக்குனு இழுத்து, 'விரலை எடுய்யா'ன்னு கத்தினேன். அந்தச் சத்தத்துலதான் டாக்டரே எழுந்து வந்தார். நீங்க வெளிய எங்க பையைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டிருந்தீங்க. எழுதறதுன்னா அப்படி எழுதுங்க."