கைப்பிரேக்கை நம்பிப் படுத்தவன்

சரிவில் நிற்கும் ஜீப்புக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, அதை நிறுத்திவைத்திருந்த ஒரே பாகத்தைக் கழற்றிய முட்டாள் நான்தான். படித்தவன் வேறு.

நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் பழைய ஜீப் அது. மழை வருமுன், இன்ஜின் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்பர் கேஸைப் பிரித்துப் பார்த்து, உள்ளே புது பேரிங்குகள் போட முள்ளுக்குறிச்சியிலிருந்து மெக்கானிக் வருவதாக இருந்தது. அவருக்கு வேலை மிச்சமாகட்டும் என்று அதிலிருந்து பின் சக்கரங்களுக்குப் போகும் ஷாஃப்டை நானே கழற்றினேன். கைப்பிரேக் போட்டிருக்கிறதே என்ற தைரியம். இந்த ஜீப்பில் கைப்பிரேக் பிடிப்பது சக்கரத்தை அல்ல, அந்த ஷாஃப்டை.

கடைசி போல்ட் கழன்றதும் வண்டி அரை அடி உருண்டது. பின் சக்கரம் என் லுங்கியின் மேல் ஏறி, தொடையைத் தொட்டபடி ஒரு சின்னக் கல்லில் தட்டி நின்றது. கல் நறநறத்தது.

பக்கத்துக் களத்தில் மிளகு காயவைத்துக்கொண்டிருந்த அக்கா ஓடிவந்தார்.

“லுங்கிய உட்டுட்டு வெளிய வாங்க சாமி!”

“இல்லீங்கக்கா... அது வந்து...”

“உசுரு போற நேரத்துல என்னங்க வெக்கம்? நான் திரும்பி நின்னுக்கறேன், வாங்க!”

நான் உருண்டு வெளியே வந்த மறுகணம் கல் நொறுங்கியது. ஜீப் தானாகவே இறங்கிப் போய்ப் பலாமரத்தில் மோதி நின்றது.

மதியம் வந்த மெக்கானிக் மரத்தைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

“அடுத்த தடவ எனக்கு ஒத்தாசையெல்லாம் வேண்டாமுங்க சார். டீ மட்டும் போட்டு வெச்சிருங்க, போதும்.”