ஹந்தானையில் நுரைத்த சப்பாத்து

அன்றைக்கு மலையேறியவர்கள்: நான், என் வீட்டுக்காரர், அவருடைய தங்கை. வேறு யாருமில்லை. என் தோள்பையையும் ஓர் ஆளாகச் சேர்த்து நாலு பேர் என்று நாத்தனார் சொல்லிக்கொண்டே வந்தாள். பைக்குள் குடை, டோர்ச், விசில், துணி காயப்போடும் கயிறு, ஒரு பஸ் ஆட்களுக்குப் போதுமான பிளாஸ்டர், கிறிஸ்மஸ் கேக்கின் மிச்சம் எல்லாம் இருந்தன.

கிறிஸ்மஸுக்கு அடுத்த நாள். காலையில் குழாய்த் தண்ணீரைத் தொடவே யோசிக்க வைக்கும் குளிர். அந்தக் குளிரில் ஹந்தானை மலைக்குப் போவது எங்கள் வழக்கம். போவது என்றால், அவர்கள் இரண்டு பேரும் உச்சிக்குப் போவார்கள். நான் பாதியில் திரும்பி, அடிவாரத்துத் தேத்தண்ணிக் கடையில் காத்திருப்பேன். முதல் வருஷம் பனிமூட்டம் வந்ததால் திரும்பினேன். மறு வருஷம் பனிமூட்டம் வந்துவிடும் என்று தோன்றியதால் திரும்பினேன்.

இந்த முறை நாத்தனார் விடவில்லை. "அண்ணி, ஒங்க சொந்தக் கால்ல உச்சிக்கு வந்துருங்க, ஆயிரம் ரூவா தாரேன். பாதியில திரும்புனீங்க, அடுத்த கிறிஸ்மஸ் வரைக்கும் ஒங்களுக்கு 'தேத்தண்ணிக் கடை அண்ணி'ன்னுதான் பேரு."

ஆயிரம் ரூபாய் என்னை அசைக்கவில்லை. ஆனால் போன வருஷம் அந்தக் கடைக்காரரே என்னைக் கண்டதும் கதிரையைத் துடைத்துப் போட்டு, "வாங்க, ஒங்களத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்" என்றிருந்தார். அது உறைத்துக்கொண்டே இருந்தது. எப்படியும் ஏறிவிட வேண்டும்.

உச்சியைவிட எனக்கு அட்டைப் பயம்தான் பெரிது. நான் பிறந்த தெல்தோட்டைப் பக்கத்தில் கொழுந்தெடுக்கப் போகிறவர்கள், காய்ந்த சவர்க்காரத்தைக் காலில் லேசாக ஒரு இழுப்பு இழுத்துக்கொள்வார்கள். அட்டை ஏறாது. லேசாக என்றால் எனக்கு மனம் ஆறுமா? காலில் தேய்த்தேன். சொக்ஸின் மேல் தேய்த்தேன். மிச்சத்தைத் தேங்காய்போலத் துருவிச் சப்பாத்துக்குள் தூவினேன். முழுக் கட்டியும் தீர்ந்தது.

தேயிலைக்குள் நடக்கும்வரை ஒன்றுமில்லை. மானாப்புல் தொடங்கியதும் இரவு மழையின் ஈரம் முழங்கால் வரை ஏறியது. கொஞ்ச தூரத்தில் என் காலுக்குள் 'புளுக், புளுக்' என்று சத்தம். குனிந்து பார்த்தால் சப்பாத்து நாடா ஓட்டைகளிலெல்லாம் வெள்ளை நுரை.

"இந்தா, என்னது இது, பால் பொங்குது?" என்றார் வீட்டுக்காரர்.

"அட்டைக்குப் போட்டேங்க."

"ஏன், அட்டையக் குளிப்பாட்டவா?"

நாத்தனார் சிரிப்புத் தாங்காமல் ஈரப் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். பின்னால் வந்த கெம்பஸ் பெண்கள் என் காலைப் பார்த்து, "அக்கே, மே மொகத?" என்று, அக்கா, இது என்ன என்று, சிங்களத்தில் கேட்டார்கள். நானே பாதி அழுகையில் இருந்தேன். "சபன்" என்றேன். சவர்க்காரம் என்று அவர்கள் பாஷையில் சொன்ன அந்த ஒரு சொல்லுக்கு அவர்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சரிந்தார்கள். பிறகு எனக்கும் தொற்றிக்கொண்டது. சிரித்தால் கால் வழுக்கும்; வழுக்கினால் இன்னும் சிரிப்பு வரும்.

நான் வழக்கமாகத் திரும்பும் தொலைத்தொடர்புக் கோபுரத்தடிக்கு வந்தபோது பனிமூட்டம் நிஜமாகவே இறங்கியது.

"அண்ணி, கடை தொறந்திருக்கும்" என்றாள் நாத்தனார்.

"முடியலன்னா திரும்பிருவோம்" என்றார் வீட்டுக்காரர், கனிவாகத்தான்.

நான் கீழே பார்த்தேன். சரிவு. நுரைக் காலோடு இதில் இறங்குவதா? இடுப்பு, முதுகெலும்பு, ஆஸ்பத்திரி, கட்டில், எனக்குக் கஞ்சி காய்ச்சத் தெரியாமல் இவர் விழிப்பது எல்லாம் ஒரு நொடியில் ஓடின. மேலே போவதுதான் பயம் குறைவு.

"ஏறுவோம்" என்றேன்.

கடைசிப் பாறையில் நிற்க முடியவில்லை. கையையும் ஊன்றித் தவழ்ந்தேன். உச்சியில் எழுந்து நின்றபோது காற்று வந்து மூட்டத்தைக் கிழித்தது. கீழே கண்டிக் குளம், கோப்பையில் மிஞ்சிய தேத்தண்ணிபோல இத்தனூண்டு. விசிலை எடுத்து ஊதினேன். ஆபத்துக்கென்று வாங்கியதை ஆனந்தத்துக்கு ஊதியதில் எனக்கே வெட்கம், மறுபடியும் ஊதினேன். கேக்கைப் பிய்த்துத் தின்றோம்.

சப்பாத்தைப் பையில் போட்டுக்கொண்டு வெறுங்காலில், வீட்டுக்காரரின் பெல்ட்டைப் பிடித்தபடி இறங்கினேன். அடிவாரத்தில் பார்த்தால் அவர்கள் இரண்டு பேர் கால்களிலும் அட்டை தொங்கியது. என் காலில் ஒன்றுகூட இல்லை.

கடைக்காரர் கதிரையைத் துடைத்தார். "இன்னிக்கு லேட்டாகிருச்சே?"

"உச்சிக்குப் போயிட்டு வர்றேன்" என்றேன். கடை முழுக்கக் கேட்கும்படி.

நாத்தனார் அட்டையைப் பிடுங்கிக்கொண்டே கணக்குப் பேசினாள். "சொந்தக் கால்லன்னுதானே பேச்சு? கடைசியில நாலு கால்ல வந்தீங்க. பாதிதான்."

"கையும் என்னோட சொந்தந்தான்!"

அவள் கேட்கவில்லை. பாதியைத் தந்தாள். இன்னும் வரவேண்டியது ஐந்நூறு ரூபாய்.